ஊர்ப் பெயர் தாங்கிய தாள்: மதுரைக்காரர் எதைச் சேர்ப்பது?

சிற்றூர் வங்கிகள் தங்கள் பெயரில் வெளியிட்ட பழைய நோட்டுகளைச் சேர்க்க வேண்டும் என்று மதுரையில் இருக்கும் ஒருவர் ஆசைப்பட்டால், முதல் கேள்வியிலேயே தடுக்கும்: எந்த ஊர் வங்கி? மதுரையிலோ திண்டுக்கல்லிலோ காரைக்குடியிலோ தோன்றிய கூட்டுப் பங்கு வங்கி எதுவும் ரூபாய் நோட்டு வெளியிட்டிருக்க முடியாது. 1861-ல் வந்த காகிதப் பணச் சட்டம், 1862 மார்ச் 1 முதல் நோட்டு வெளியிடும் உரிமையை அரசின் கையில் மட்டும் வைத்தது. அதற்கு முன் அந்த உரிமையோடு இருந்த மெட்ராஸ் வங்கி, வங்காள வங்கி, பம்பாய் வங்கி ஆகிய மூன்று மாகாண வங்கிகளும் அன்றோடு அதை இழந்தன. நம் பக்கத்து ஊர்களில் வங்கிகள் முளைத்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அமெரிக்காவில் நடந்தது நேர் எதிர். 1863 பிப்ரவரி 25-ல் கையெழுத்தான சட்டம், தகுதி பெற்ற எந்த ஊர் வங்கியும் தன் பெயரையும் தன் ஊரின் பெயரையும் பொறித்த நோட்டு வெளியிடலாம் என்றது. இங்கே கதவை அடைக்கும் சட்டம் வந்த இரண்டே ஆண்டில் அங்கே கதவு திறந்தது. 1935 வரை 12,000-க்கும் அதிகமான வங்கிகள் அப்படி நோட்டு வெளியிட்டன. சிற்றூர் வங்கி நோட்டு என்று உலகச் சேகரிப்பாளர்கள் சொன்னால் பெரும்பாலும் இந்தத் தேசிய வங்கி நோட்டுகளைத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே மதுரையில் தொடங்குபவருக்கு நான்கு வழிகள் உள்ளன. அமெரிக்கத் தேசிய வங்கி நோட்டுகளை இறக்குமதி செய்வது, இங்கிலாந்தின் ஊர் வங்கி நோட்டுகளை வாங்குவது, இந்திய அரசு நோட்டுகளோடும் பர்மா நோட்டுகளோடும் நிற்பது, நோட்டே வெளியிடாத நம்மூர் வங்கிகளின் காசோலை, பங்குப் பத்திரம், பணம் அனுப்பக் கடைகள் எழுதிய உண்டியல் சீட்டு ஆகியவற்றைச் சேர்ப்பது. கடைசி வழியில் தொடங்கி, அது கையில் படிந்த பிறகு முதல் வழியில் ஒன்றிரண்டு தாள் வாங்குவதுதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து. காரணங்களைப் பார்ப்போம்.

அமெரிக்கத் தேசிய வங்கி நோட்டு

இந்த நோட்டுகளைச் சிற்றூரில் யாரும் அச்சடிக்கவில்லை. வங்கி அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களை வாங்கிக் கருவூலத்தில் ஈடு வைக்கும். அந்த ஈட்டுக்கு எதிராக அரசு அச்சிட்ட நோட்டுகள் வங்கியின் பெயரோடு வந்து சேரும். 1900 வரை ஈட்டு மதிப்பில் 90 சதவீதத்துக்கு, அதன் பின் முழு மதிப்புக்கும் நோட்டு கிடைத்தது. அதே 1900-ல் இன்னொரு மாற்றமும் வந்தது: 3,000 பேர் வரை வாழும் ஊரில் 25,000 டாலர் மூலதனம் இருந்தாலே தேசிய வங்கி தொடங்கலாம். அதற்கு முன் 50,000 டாலர் வேண்டும். நம் மேலூர், உசிலம்பட்டியைவிடச் சிறிய ஊர்களின் பெயரெல்லாம் டாலர் நோட்டில் ஏறியது இந்தத் தளர்வால்தான். ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு பட்டய எண் உண்டு. பிலடெல்பியாவின் முதல் தேசிய வங்கிக்கு எண் 1. வரிசை 14,000-ஐத் தாண்டியது. சேகரிப்பாளருக்கு இந்த எண்தான் ஆதாரம். ஒரே ஊரில் ஒரே மாதிரிப் பெயரோடு இரண்டு வங்கிகள் இருந்தாலும் எண் குழப்பாது.

அளவில் இரண்டு வகை. 1929-க்கு முந்தையவை பெரியவை, சுமார் 189 மி.மீ. அகலம், 79 மி.மீ. உயரம். 1929 வரிசை சுமார் 156-க்கு 66 மி.மீ., இன்றைய டாலரின் அளவு. பெரிய தாளில் வங்கியின் தலைவரும் காசாளரும் பேனாவால் கையெழுத்திட்டிருப்பார்கள், சிலவற்றில் ரப்பர் முத்திரையால். 1929 வரிசையில் அந்தக் கையெழுத்துகளும் அச்சாகிவிட்டன. அழகு என்றால் பெரிய தாள்தான். ஆனால் முதல் தாளாக 1929 வரிசையையே எடுங்கள்: விலை குறைவு, படிக்க எளிது, போலியைப் பிடிப்பதும் எளிது.

1929 தாளைப் படிப்பது இப்படி. முத்திரையும் வரிசை எண்ணும் பழுப்பு நிறம். வங்கியின் பெயர், ஊர், மாநிலம் கறுப்பு. பட்டய எண் கறுப்பில் இரண்டு இடத்தில் மட்டும் இருந்தால் முதல் வகை. வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் பழுப்பிலும் இரண்டு முறை இருந்தால் இரண்டாம் வகை, அதாவது 1933-க்கும் 1935-க்கும் இடைப்பட்டது. முதல் வகையில் ஒரே அச்சுத்தாளில் ஆறு நோட்டு. ஆறுக்கும் ஒரே எண், முன்னெழுத்து மட்டும் ஏ முதல் எஃப் வரை மாறும், பின்னால் ஏ என்ற எழுத்து வரும். இரண்டாம் வகையில் எண்கள் தொடர்ந்து ஓடும், பின்னெழுத்து கிடையாது. கருவூலத் தரப்பில் எல்லா 1929 தேசிய வங்கி நோட்டிலும் ஜோன்ஸ், வுட்ஸ் ஆகிய இருவர் கையெழுத்துதான். வேறு பெயர் இருந்தால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

புதியவர்கள் இடறுவது விலையில். நம்மூரில் பழைய நோட்டு என்றால் ஆண்டையும் மொரமொரப்பையும் பார்த்து விலை சொல்லிப் பழக்கம். தேசிய வங்கி நோட்டில் முதல் கேள்வி, இந்த வங்கியின் தாள்கள் இன்று எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பது. சான்பிரான்சிஸ்கோவின் பாங்க் ஆஃப் அமெரிக்கா, பட்டய எண் 13044, ஏராளமாகக் கிடைக்கும். நியூயார்க்கின் சேஸ் தேசிய வங்கி, எண் 2370, அதுவும் அப்படியே. அவற்றின் கசங்காத ஒரு தாளைவிட, நாலைந்து தாள் மட்டுமே தெரிந்திருக்கும் ஒரு கிராம வங்கியின் கந்தலான தாள் பல மடங்கு விலை போகும். அங்கே உள்ள சேகரிப்பாளர்கள் வங்கி வாரியாகத் தெரிந்த தாள்களின் கணக்கெடுப்பைப் பல பத்தாண்டுகளாக வைத்து வருகிறார்கள். ஏலப் பட்டியலிலும் அந்த எண்ணிக்கை பெரும்பாலும் வரும். அதைப் பார்க்காமல் ஏலத்தில் கை தூக்கக் கூடாது. ஒரு பெட்டி திறந்து புதிதாகப் பத்துத் தாள் வெளிவந்தால் நேற்றைய அபூர்வம் இன்று சாதாரணமாகிவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

தரம் 70 புள்ளி அளவுகோலில் சொல்லப்படும். பிஎம்ஜி, பிசிஜிஎஸ் ஆகிய இரண்டும் அதிகம் நம்பப்படும் தரச்சான்று நிறுவனங்கள். தாளைக் கடின உறைக்குள் அடைத்து எண் போட்டுத் தருவார்கள். 12, 15 என்பது நன்கு புழங்கிய தாள், 20 முதல் 35 வரை மடிப்பு இருந்தாலும் உடல் உள்ள தாள், 60-க்கு மேல் புழக்கமே காணாதது. இங்கிருந்து வாங்குபவர் உறையிடாத தாளை வாங்கவே வேண்டாம். நேரில் பார்க்க வழியில்லை, திருப்பி அனுப்பும் செலவும் நம் தலையில் விழும்.

உறைக்குள் இருந்தாலும் சான்றின் பின்பக்கக் குறிப்பை வாசிக்க வேண்டும். கழுவிய தாள், அழுத்தி மடிப்பு போக்கிய தாள், ஓரம் வெட்டியது, கிழிசல் ஒட்டியது, குண்டூசி குத்திய ஓட்டை ஆகியவை அங்கேதான் இருக்கும். பெரிய தாள்களில் மங்கிப்போன பேனாக் கையெழுத்தை யாரோ மறுபடி மை வைத்து எழுதியிருப்பார்கள். அது விலையை நன்றாகவே இறக்கும். 1929 தாளில் வேறொரு மோசடி: சாதாரண வங்கியின் பெயரையும் எண்ணையும் சுரண்டிவிட்டு அபூர்வ ஊரின் பெயரை அச்சிடுவது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் சுரண்டிய இடத்தில் காகித நார் எழுந்து நிற்கும், கீழே உள்ள செதுக்கு அச்சின் கோடுகள் அறுபட்டிருக்கும். அசல் தாளின் பின்பக்கத்தில் வரிசை எண் அழுந்திய தடம் தெரியும். கழுவி அழுத்திய தாளில் அந்தத் தடம் மட்டமாகிவிடும். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடித்தால் பழைய பருத்தி, லினன் காகிதம் ஒளிராது. ஒட்டுப்போட்ட புதுக் காகிதமோ பசையோ பளிச்சென்று காட்டிக் கொடுக்கும்.

செலவுக் கணக்கு முக்கியம். ஏலத்தில் 100 டாலருக்கு ஒரு தாள் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் கட்டணம் 20 சதவீதம் என்றால் 120. காப்பீட்டோடு அனுப்ப 50 என்றால் 170. அட்டையில் கட்டும்போது வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி, இங்கே இறங்கியதும் சுங்க வரி. தாளின் விலை அளவுக்கே வழிச்செலவு வந்து நிற்கும். ஒற்றைத் தாளாக வரவழைக்காமல் நான்கைந்து தாளை ஒரே ஏல நிறுவனத்தில் சேர்த்து ஒரே பொதியாக வாங்குவதுதான் கட்டுப்படியாகும் வழி. பல கூரியர்கள் பணத்தாளை ஏற்பதில்லை. காப்பீடு இல்லாத சாதாரணத் தபாலில் பணத்தாள் அனுப்புவது விதிப்படியும் தவறு. எனவே பணம் கட்டும் முன்பே எந்த வழியில் அனுப்புவார்கள், பொதியின் மேல் என்ன எழுதுவார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். இந்த நோட்டுகள் அமெரிக்காவில் இன்றும் முகமதிப்புக்குச் செல்லும் பணம். இந்தியாவில் வசிப்பவர் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய அந்நிய நோட்டுக்கு 2,000 டாலர் வரம்பு இருப்பதையும் மறக்க வேண்டாம்.

இங்கிலாந்தின் ஊர் வங்கிகள்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். 1844-ன் வங்கிப் பட்டயச் சட்டம் அங்கே புதிதாக யாரும் நோட்டு வெளியிடுவதைத் தடுத்தது. பழைய ஊர் வங்கிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியாக நின்றது சாமர்செட்டின் வெலிங்டனில் இருந்த ஃபாக்ஸ், ஃபௌலர் நிறுவனம். 1921-ல் லாயிட்ஸ் வங்கியோடு இணைந்ததும் அந்த மரபு முடிந்தது. தாள்கள் பெரும்பாலும் ஒருபக்க அச்சு, கையால் எழுதிய எண், கையால் எழுதிய தேதி. தபால் திருட்டுக்குப் பயந்து இரண்டாக வெட்டித் தனித்தனியே அனுப்பி, பிறகு ஒட்டிய தாள்கள் சகஜம். அதைக் குறையாக எண்ணி ஒதுக்க வேண்டாம். அமெரிக்கத் தாள்களுக்கு இருப்பதைப் போலப் பட்டய எண்ணும் வங்கி வாரிக் கணக்கெடுப்பும் கைகொடுக்காததால், தூரத்தில் இருந்து வாங்குபவருக்கு இது கடினமான வழி.

அரசு நோட்டும் பர்மா நோட்டும்

மெட்ராஸ் வங்கி நோட்டு அருங்காட்சியகத்துக்குரிய பொருள்; விற்பனைக்கு என்று யாராவது நீட்டினால் சந்தேகப்படுவதே முறை. அதற்குப் பின் வந்த அரசு நோட்டுகளில் வட்ட முறை, அதாவது நோட்டு வெளியிட நாட்டைப் பகுதிகளாகப் பிரித்த முறை, இருந்தது: எந்த வட்டத்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதோ அங்கேதான் அது தடையின்றிச் செல்லும். பழைய வெள்ளைத் தாள்களையும் இங்கிலாந்தைப் போலவே பாதியாக வெட்டித் தபாலில் அனுப்பினார்கள். ஊர்ச் சாயல் வேண்டும் என்பவருக்கு 1918-ல் வந்த இரண்டு ரூபாய் எட்டணா நோட்டில் மெட்ராஸ் வட்டத்தைக் குறிக்கும் எம் எழுத்து கொஞ்சம் திருப்தி தரும். 1917 நவம்பர் 30-ல் வந்த முதல் ஒரு ரூபாய் நோட்டு, 25 தாள் கொண்ட சிறு புத்தகமாகவும் விற்கப்பட்டது. கிழித்த ஓரம் சீராக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே விலை கூடியவை, போலியும் நிறைய. பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், ரிசர்வ் வங்கி பெயரில் கட்டணம் கட்டுங்கள் என்று வரும் அழைப்புகள் முழு மோசடி. தனக்கு அப்படி எந்த வியாபாரமும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் அறிவித்திருக்கிறது.

பர்மா நோட்டு செட்டிநாட்டுக்கு அந்நியமானது இல்லை. 1937 ஏப்ரல் 1-ல் பர்மா பிரிந்ததும் இந்திய நோட்டின் மேல் 'பர்மாவில் மட்டும் செல்லும்' என்று பொறித்தார்கள். 1945-ல் ராணுவ ஆட்சியின் பொறிப்பு வந்தது. இடையில் ஜப்பானியர் அச்சிட்ட ரூபாய். அதில் பி என்ற எழுத்து பர்மாவைக் குறிக்கும். ஜப்பானியத் தாள்கள் மிக மலிவு, ஏனென்றால் போர் முடிந்ததும் அவை வெறும் காகிதமாகி, யாரும் மாற்ற முடியாமல் கட்டுக் கட்டாக மிஞ்சின. குழந்தைகளுக்கு ஆல்பம் தொடங்கிக் கொடுக்க நல்ல பொருள். மேலே பொறித்த பர்மா நோட்டில் கவனம் தேவை: சாதாரண ஆறாம் ஜார்ஜ் நோட்டில் பிற்பாடு யாரோ பொறித்திருக்கலாம். பொறிப்பின் மை பழைய அழுக்குக்கும் மடிப்புக்கும் மேலே உட்கார்ந்திருந்தால் அது பின்னாளைய வேலை. மடிப்பு அந்த மையையும் சேர்த்து உடைத்திருக்க வேண்டும்.

நம்மூர் வங்கிகளின் காகிதம்

தேசிய வங்கி நோட்டில் மனம் ஈர்க்கப்படுவதற்குக் காரணம் ஓர் ஊரின் பெயரும் அந்த ஊர் மனிதர் இருவரின் கையெழுத்தும்தான். அந்த இரண்டும் நம்மூர் வங்கிகளின் காசோலையிலும் பங்குப் பத்திரத்திலும் அப்படியே இருக்கின்றன. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் இதற்குப் பஞ்சமில்லை. கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1943-ல் தொடங்கிய பாங்க் ஆஃப் மதுரா 2001-ல் ஐசிஐசிஐ வங்கியில் இணைந்தது. அதற்குள் ஏற்கெனவே இரண்டு சிறு வங்கிகள் கரைந்திருந்தன: 1933-ல் தோன்றிய செட்டிநாடு மெர்க்கன்டைல் வங்கி, குற்றாலம் அருகே 1904-ல் தோன்றிய இலஞ்சி வங்கி. இலஞ்சி போன்ற சிறிய ஊரின் பெயரில் ஒரு வங்கி இருந்தது என்பதே இன்று பலருக்கு ஆச்சரியம். மதுரையின் பாண்டியன் வங்கி 1963-ல் கனரா வங்கியில் சேர்ந்தது. தூத்துக்குடியில் 1921-ல் பிறந்த நாடார் வங்கிதான் 1962 முதல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10-ல் ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊரிலும் திறந்தது; காரைக்குடிக் கிளையின் ஆரம்ப காலத் தாள் கிடைத்தால் விடாதீர்கள்.

தேதி இல்லாத வெற்றுத் தாளையும் காலம் கணிக்கலாம். நாடார் வங்கி என்று அச்சிட்டிருந்தால் 1962-க்கு முன். இம்பீரியல் வங்கி என்றால் 1921-க்கும் 1955-க்கும் இடையே. தொகை எழுதும் இடத்தில் ரூபாய், அணா, பை என மூன்று பத்தி இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன் அச்சானது. நயா பைசா என்றால் 1957-க்கும் 1964-க்கும் இடையே. காசோலையில் ஓரணா முத்திரை அழுத்தப்பட்டிருந்தால் 1927-க்கு முந்தையது, அந்த ஆண்டில் காசோலைக்கான முத்திரைத் தீர்வை நீங்கியது. அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. கீழ் ஓரத்தில் காந்த மை எண்வரிசை இருந்தால் எண்பதுகளுக்கு முன் போக முடியாது. பழைய இருப்பு தீரும்வரை பழைய படிவத்தையே கிளைகள் பயன்படுத்தின என்பதால் ஒன்றிரண்டு ஆண்டு தள்ளிப் பார்ப்பது நல்லது.

பணம் கொடுக்கப்பட்ட காசோலைகளை வங்கிகள் சில ஆண்டு வைத்திருந்து அழித்துவிடும். அதனால் மிஞ்சியவை பெரும்பாலும் நிரப்பாத தாள்களும், வாடிக்கையாளர் வீட்டில் கிடந்த பாதிப் புத்தகங்களும். கையெழுத்தும் கிளை முத்திரையும் தேதியும் உள்ள தாள் வெற்றுத் தாளைவிட மேல். அடிக்கட்டையோடு முழுப் புத்தகம் அதைவிட மேல். பிரித்து ஒற்றை ஒற்றையாக விற்கும் ஆசையை விட்டுவிடுங்கள், பிரித்த புத்தகத்தை மறுபடி சேர்க்க முடியாது. காசோலைக் காகிதத்தின் வண்ணப் பின்னணி ஈரம் பட்டால் கலையும்படி செய்யப்பட்டது. ஆகவே கறை நீக்குகிறேன் என்று தண்ணீர் தொடவே கூடாது.

பங்குப் பத்திரத்தில் வேறு ஒரு எச்சரிக்கை. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்கு முன், அது ரத்து முத்திரை விழுந்ததா என்று பாருங்கள். பாங்க் ஆஃப் மதுராவின் ஒரு பங்குக்கு ஐசிஐசிஐ வங்கியின் இரண்டு பங்கு என்ற கணக்கில் மாற்றிக் கொடுத்தார்கள். ஒப்படைக்காத பத்திரம் வீட்டில் கிடந்தால் அதன் உரிமை இன்றும் வாரிசுகளுக்கு இருக்கலாம். ஏழு ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்த பங்குகள் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும், அங்கே விண்ணப்பிக்க வழி உண்டு. வாங்கிய சேகரிப்பாளருக்கு அந்த உரிமை வராது. எனவே ரத்தாகாத பத்திரத்தை ஒரு குடும்பத்திடம் வாங்கும்போது இதை அவர்களுக்குச் சொல்லிவிட்டு வாங்குவதுதான் நேர்மை.

உண்டியல்தான் இந்த வழியின் உச்சம். கோயில் உண்டியலைச் சொல்லவில்லை. நகரத்தார் கடைகள் பணம் அனுப்பவும் கடன் வாங்கவும் எழுதிய சீட்டு. காட்டியதும் பணம் தருவது தரிசன உண்டியல், குறித்த நாள் கழித்துத் தருவது தவணை உண்டியல். தவணை உண்டியலை அரசு முத்திரை அச்சிட்ட தாளில் எழுதினார்கள். தொகை கூடக் கூட முத்திரையின் மதிப்பும் கூடும். இது நோட்டுக்கு எவ்வளவு நெருங்கிய உறவு என்பதற்குச் சட்டமே சாட்சி: கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் பணம் தரும் சீட்டை வேறு யாரும் எழுதக் கூடாது என்று தடுக்கும் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் உண்டியல் என்ற சொல்லே இருக்கிறது.

உண்டியலைப் படிக்கத் தமிழ் எண் தெரிய வேண்டும். ௹ ரூபாய், ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி. ௫ஐ 'ரு' என்றும் ௬ஐ 'சு' என்றும் ௯ஐ 'கூ' என்றும் எழுத்தாகப் படித்துவிட்டு வியாபாரிகளே தடுமாறுவார்கள். ௹ ௩௱௫௰ என்றால் முந்நூற்று ஐம்பது ரூபாய். பூச்சியம் இல்லாத பழைய முறை இது. ஆண்டு பெரும்பாலும் தமிழ் வருடப் பெயரில் இருக்கும். இங்கே அறுபது ஆண்டுச் சுழற்சி காலை வாரிவிடும். தாது வருடம் என்றால் பெரும் பஞ்சம் வந்த 1876-77 ஆகவும் இருக்கலாம், 1936-37 ஆகவும் இருக்கலாம். முத்திரையில் உள்ள தலைதான் தீர்ப்பு சொல்லும்: விக்டோரியா 1901 வரை, ஏழாம் எட்வர்ட் 1910 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை, பிறகு ஆறாம் ஜார்ஜ். பழைய முத்திரைத் தாளைப் பின்னாளில் எழுதியிருக்க வாய்ப்பு உண்டு, எதிர்மாறாக இருக்க முடியாது. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட தாளில் 1876 என்று ஒருவர் விற்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

தேடும் இடம் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள்தான் முதலில். தூணும் பீங்கானும் விற்கும் கடையில் காகிதம் ஒரு மூலையில் மூட்டையாகக் கிடக்கும். மொத்த மூட்டைக்கு விலை பேசுவது ஒற்றைத் தாளுக்குப் பேசுவதைவிட லாபம். எந்த வீட்டு, எந்த ஊர்க் காகிதம் என்பதும் அப்போதுதான் சேர்ந்து வரும். பேரேட்டிலிருந்து கிழித்த ஒற்றைப் பக்கத்தை வாங்கி அந்தப் பழக்கத்தை வளர்க்க வேண்டாம். நீதிமன்றம், பதிவுத்துறை, ஆவணக் காப்பகம் ஆகியவற்றின் முத்திரை விழுந்த தாளைத் தொடக் கூடாது, அது திருட்டுப் பொருளாக இருக்கலாம். விற்றவர் பெயர், தேதி, விலையோடு துண்டுச் சீட்டாவது ரசீது வாங்கி வையுங்கள். போலியைப் பொறுத்தவரை வண்ண நகல்தான் தொல்லை: லென்ஸில் பார்த்தால் கோடுகள் புள்ளிப் புள்ளியாகச் சிதறும். புற ஊதா ஒளியில் காகிதம் நீல வெள்ளையாக ஒளிர்ந்தால், வெளுப்புச் சேர்மானம் கலந்த பிற்காலக் காகிதம் என்று அறியலாம்.

வைகைக் கரை வெப்பத்தில் காகிதம்

எந்த வழியில் போனாலும் பாதுகாப்பு ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகை ஈரமும் சித்திரை வெயிலும் மாறி மாறி அடிக்கும் ஊர் இது. பிவிசி உறையை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். சில கோடைகளில் அதன் எண்ணெய் கசிந்து மையோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை, தாளைவிட ஒவ்வொரு பக்கமும் 4, 5 மி.மீ. பெரியதாக. லேமினேஷன், செல்லோடேப் இரண்டும் தாளைக் கொல்லும். அந்துருண்டையைத் தாள் இருக்கும் பெட்டிக்குள் போடக் கூடாது. துணியில் கட்டிய வசம்பைப் பெட்டிக்கு வெளியே, பீரோவின் மூலையில் வைக்கலாம். சிலிக்கா ஜெல் பொட்டலமும் சிறிய ஈரமானியும் வாங்கி, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை நிற்கிறதா என்று மழை மாதங்களில் வாரம் ஒருமுறை பாருங்கள். வெளிச்சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம், கறையானும் ஈரமும் அந்த வழியாகத்தான் வரும்.

மடிந்து கிடக்கும் உண்டியலை இஸ்திரி போட்டு நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். மடிப்பு நேராகும், தாள் மடிப்பிலேயே உடையும். இரண்டு ஒற்றுத்தாளுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகத்தை ஏற்றி மூன்று வாரம் விட்டால் போதும். கறுப்பு மை பழுப்பாகி எழுத்து வழியே தாள் ஓட்டை விழத் தொடங்கியிருந்தால் அது இரும்பு கலந்த மை. ஈரம் பட்டால் அரிப்பு வேகமெடுக்கும், அந்தத் தாளை விரிக்க முயலாமல் அப்படியே தட்டையான உறையில் வையுங்கள். சுவரில் மாட்ட ஆசை இருந்தால் ஸ்கேன் செய்த நகலை மாட்டலாம்.

யாருக்கு எது

விற்றுக் காசாக்கும் வசதி முக்கியம் என்றால் அமெரிக்க நோட்டுதான். சான்றுறையில் இருக்கும் தாளை எந்த நாட்டு ஏலத்திலும் போடலாம், பழைய விலைகள் பொதுவில் கிடைக்கின்றன. நம்மூர் வங்கிக் காகிதத்துக்கு வாங்குவோர் கூட்டம் சிறியது. அதோடு 75 ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 1972-ன் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே முதலீடு என்று நினைத்து இதில் இறங்கினால் ஏமாற்றம்தான்.

ஆனால் அறிவு என்ற கணக்கில் தராசு மறுபக்கம் சாய்கிறது. அமெரிக்கச் சிற்றூரின் காசாளர் யார் என்பதை அந்த ஊர்க்காரர் எழுதி வைத்தால்தான் நமக்குத் தெரியும். காரைக்குடி உண்டியலில் கையெழுத்திட்டவரின் வீடு இன்றும் நிற்கிறது, பேரன் பேத்திகள் பேசுவார்கள், அந்தக் கையெழுத்தை வாசிக்கத் தமிழ் தெரிந்த நம்மைவிடப் பொருத்தமானவர் உலகில் இல்லை. அமெரிக்க நோட்டுக்குப் பல பத்தாண்டுகளாகக் கணக்கெடுப்பவர்கள் இருக்கிறார்கள். இலஞ்சி வங்கிக்கு யாரும் பட்டியல் போடவில்லை. பழைய பேப்பர் எடைக்குப் போகும் வேகத்தில் இன்னும் இருபது ஆண்டு பொறுத்தால் பட்டியல் போடப் பொருளே இருக்காது. அமெரிக்க நோட்டு எங்கும் போய்விடாது, பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

எனவே முதல் ஆண்டில் ஒரு வங்கியையோ ஒரு தாலுகாவையோ எல்லையாக வைத்துக்கொண்டு சில நூறு ரூபாய்த் தாள்களாக முப்பது, நாற்பது சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை: வங்கி, கிளை, தேதி, எண், மி.மீ. அளவு, கையெழுத்துகள், குறைகள், வாங்கிய இடம், விலை. இருபக்கமும் 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன், தட்டை ஸ்கேனரில் மட்டும். இரண்டாம் ஆண்டில், 1929 வரிசைப் பத்து டாலர் ஒன்று, முதல் வகை, தரம் 20-க்கு அருகில், சான்றுறையோடு. பெரிய நகர வங்கியை ஒதுக்கிவிட்டு மூவாயிரம் பேருக்குள் வாழ்ந்த ஏதாவது ஓர் ஊரைப் பாருங்கள். வந்ததும் அதற்கும் அதே அட்டையை அதே தலைப்புகளில் நிரப்பி, இலஞ்சித் தாளுக்கு அடுத்த உறையில் வையுங்கள்.